துதியின் விலை: மட்டக்களப்பு வாவிக்கரைக் கிறிஸ்தவத்தில் அகபக்தியும் புறப்புகழ்ச்சியும்

1. துதியும் முகஸ்துதியும்

தமிழில் 'துதி' என்ற சொல்லின் அருகிலேயே 'முகஸ்துதி' என்ற சொல்லும் குடியிருக்கிறது. முன்னது கடவுளுக்கு உரியது. பின்னது காரியம் ஆகவேண்டியவர், காரியம் முடித்துத் தரவல்லவரின் முகத்துக்கு நேரே சொல்வது. கடவுளையும் ஓர் அதிகாரியாக வைத்து முகஸ்துதி செய்துவிட முடியுமா? முடியுமென்றால், அதை உண்மைப் பக்தியிலிருந்து பிரித்தறிய ஏதேனும் வழி உண்டா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று ஆராய்கிறது.

இந்தக் கேள்விக்கு இந்த நிலம் பொருத்தமானது. மட்டக்களப்பு மாவட்டத்தில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே கிறிஸ்தவர்கள். அந்தச் சிறு தொகைக்குள் கத்தோலிக்கம், மெதடிஸ்தம், பெந்தகொஸ்தே மரபுச் சபைகள் எனப் பல வழிபாட்டு முறைகள் ஒன்றின் குரல் மற்றதுக்குக் கேட்கும் தூரத்தில் வாழ்கின்றன. ஞாயிறு காலையில் ஒருவர் "பூசைக்குப் போறன்" என்கிறார். இன்னொருவர் "சேர்ச்சுக்கு" என்கிறார். மூன்றாமவர் "சபைக்கு" என்கிறார். கத்தோலிக்கருக்கு ஆலயம் கோயில்தான். பக்கத்துச் சைவருக்கும் அதே சொல்தான். ஒருவருக்குச் செபம், மற்றவருக்கு ஜெபம்.

இவர்கள் ஒருவரையொருவர் குறைசொல்லும்போது மட்டும் சொல் ஒன்றாகிவிடுகிறது: உதட்டளவு. செபமாலை உருட்டும் ஆச்சியைப் பார்த்து "வாய்ப்பாடம்" என்பார் சபைக்காரர். கைதட்டிப் பாடும் சபையைப் பார்த்து "வெறும் ஆரவாரம்" என்பார் கோயில்காரர். இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: உண்மைப் பக்தி உள்ளே இருப்பது, வெளியே தெரிவதெல்லாம் சந்தேகத்துக்குரியது.

இந்த எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மானிடவியலாளர் வெப் கீன், ஒல்லாந்தக் கல்வின் மரபு இந்தோனேசியாவின் சும்பாத் தீவை அடைந்தபோது நிகழ்ந்ததை ஆராய்ந்தவர். முன்னோர் வகுத்துத் தந்த சடங்குமொழியை விட்டு, சொந்த நெஞ்சிலிருந்து வரும் சொல்லே மெய்யான ஜெபம் என்று அங்குள்ள கிறிஸ்தவர் எப்படி நம்பலாயினர் என்பதை 2007இல் வெளிவந்த தம் நூலில் அவர் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் சபா மஹ்மூத், கெய்ரோவின் பள்ளிவாசல்களில் கூடிய பெண்களைப் பற்றி எழுதியபோது எதிர்த்திசையிலிருந்து வந்தார். உடலால் ஒழுகும் புறச்செயல் அகத்தின் கண்ணாடி மட்டுமன்று, அகத்தை வனைகின்ற கையும் அதுவே என்பது அவர் கண்டது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று நான் முன்வைப்பது இது: ஒரு துதி உண்மையானதா என்பதை அதன் ஓசையைக் கொண்டோ அமைதியைக் கொண்டோ அறிய முடியாது. அதனால் கிடைக்கும் ஆதாயத்தையும் அதற்குக் கொடுக்கப்படும் விலையையும் பார்த்தால் ஓரளவு அறியலாம். ஓரளவுதான்.

2. வேதத்தின் வழக்கு எதைப் பற்றியது?

உதட்டால் கனம்பண்ணி உள்ளத்தால் தூரமாயிருக்கும் மக்களைப் பற்றிய வசனம் ஏசாயாவின் 29ஆம் அதிகாரத்தில் வருகிறது. இயேசு அதை எடுத்தாளும் இடம் மாற்கு 7. பிரசங்கங்களில் இவ்வசனம் அடிக்கடி கேட்கிறது. அது எழுந்த சந்தர்ப்பம் அவ்வளவாகக் கேட்பதில்லை. அங்கே யாரும் உரத்துப் பாடவில்லை, நீண்ட ஜெபமும் செய்யவில்லை. பேச்சு கைகழுவும் மரபில் தொடங்கிக் கொர்பான் என்ற காணிக்கைக்கு வருகிறது. பெற்றோரைப் பராமரிக்க வேண்டிய பொருளை "இது கடவுளுக்கு நேர்ந்துவிட்டது" என்று ஒரு மகன் சொல்லிவிட்டால், அதன்பின் தாய்தகப்பனுக்கு உதவவேண்டிய கடமையிலிருந்து அவன் தப்பிக்கொள்ளலாம். உதட்டளவு பக்திக்கு இயேசு காட்டும் எடுத்துக்காட்டு இந்த மகன்தான். அவன் சொன்ன சொல் பக்திமயமானது; ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர்கள் அவனுடைய பெற்றோர்.

ஆமோஸ் 5இல் கடவுள் பாடல்களின் இரைச்சலை அகற்றச் சொல்வதும் இசை பிடிக்காததால் அன்று. ஏழையின் தானியத்தில் வரி பிடுங்கியவர்களும் ஊர்வாசலில் நீதியைப் புரட்டியவர்களும் பாடுகிறார்கள் என்பதே அங்குள்ள குற்றச்சாட்டு. மத்தேயு 6 இன்னும் தெளிவு. மனிதர் காணும்படி தெருமுனையில் நின்று ஜெபிப்பவர் தம் கைம்மாற்றை ஏற்கெனவே பெற்றுவிட்டார் என்கிறது அது. உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்வது கைம்மாறு கிடைக்கும் வழியை அடைப்பதற்கே.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சீலோவின் ஆலயத்தில் அன்னாள் உதடு மட்டும் அசைய, குரல் கேளாமல் ஜெபித்தாள். குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். பெந்தகொஸ்தே நாளில் சீடர்கள் பல மொழிகளில் உரத்துத் துதித்தார்கள். கூட்டத்தில் சிலர் அவர்களும் குடித்திருக்கிறார்கள் என்றார்கள். ஓசையற்ற ஜெபமும் ஓசைமிக்க துதியும் வெளியே நின்று பார்த்தவர்களிடம் ஒரே பழியைத்தான் வாங்கின. அமைதியை உண்மையின் அடையாளமாகக் கொள்வதற்கு வேதத்தில் இடம் குறைவு.

3. ஞானஸ்நானமும் உத்தியோகமும்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் முதன்முதல் பிடித்த கோட்டை இதுவே. அவர்கள் ஆண்ட இடங்களில் அரச உத்தியோகம் வேண்டுவோர் சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டியிருந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதிவாயின. அந்தப் பதிவில்தான் பிள்ளைகளின் உரிமையும் தங்கியிருந்தது. இப்படித் துதிக்கு ஆதாயம் கட்டப்பட்டபின் பெயர்கள் குவிந்ததில் வியப்பில்லை. ஆங்கிலேயர் வந்து அந்த நிபந்தனை தளர்ந்ததும் பெயர்கள் கரைந்தன. 1806இல் யாழ்ப்பாணம் வந்த பாதிரியார் குளோடியஸ் புக்கானன் பாழடைந்து கிடந்த பெரிய ஆலயங்களைக் கண்டு வருந்தி எழுதினார். பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ட் 1850இல் வெளியிட்ட இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்றில் இந்தப் பெயரளவுக் கிறிஸ்தவத்துக்கு ஒல்லாந்தரின் கொள்கையே காரணம் என்று கண்டார்.

இந்தச் சான்றை மட்டக்களப்புக்கு அப்படியே பொருத்தலாகாது. யாழ்ப்பாணத்தில் போல ஒல்லாந்த நிருவாகம் இங்கே ஊருக்குள் ஆழ இறங்கவில்லை. கோட்டைக்கு வெளியே நிலக்கிழார்களான போடிமாரின் அதிகாரமும் கோயில்களின் ஒழுங்கும் நிலைத்திருந்தன. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கைவரை கண்டியரசனின் உரிமையும் இந்தக் கரையில் பேசப்பட்டது. ரெனன்ட்டையும் புக்கானனையும் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். இருவரும் புதிய ஆட்சியின் பக்கம் நின்று பழைய ஆட்சியை மதிப்பிட்டவர்கள். உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவரின் வீட்டில் நாளடைவில் ஒரு பேரப்பிள்ளை மனமாரச் செபித்திருக்கலாம். அதைத் தோம்பு பதிவதில்லை.

அதே காலத்தில் கத்தோலிக்கரின் நிலை நேர்மாறு. குருக்களுக்குப் புகலிடம் தருவோருக்கு மரணதண்டனை என்று 1658இல் ஒல்லாந்தர் கட்டளையிட்டனர். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த ஜோசப் வாஸ் அடிகள், கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று அவர் பார்த்தார். நெடுங்காலமாகக் குரு இல்லை, பூசை இல்லை. ஆனாலும் அந்தச் சிறு மணிகளை அடையாளம் காண ஆட்கள் இருந்தார்கள். வாய்ப்பாடம் என்று நாம் இன்று தள்ளிவிடும் அருள்நிறை செபம்தான் அங்கே விசுவாசத்தைச் சுமந்தது. அவருக்குப் பின் 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் ஒப்பாரி இராகத்தில் வாசிக்கப்படுகிறது. எழுதிவைத்த சொல், பரம்பரை இராகம், வருடாவருடம் அதே இடத்தில் வரும் அழுகை. அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

4. ஓல்ட் கொண்டுவந்த அளவுகோல்

1814இல் இலங்கைக்கு வந்த முதல் வெஸ்லியன் மிசனரிகளில் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். கடற்பயணத்திலேயே மனைவியை இழந்திருந்தார். இங்கே பள்ளிகளைத் தொடங்கினார், தமிழ் படித்தார், சுமார் எட்டு மாதங்களில் 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்தே கணக்கிடுகிறது.

அவரை அனுப்பிய இயக்கத்தின் கவலையே பெயரளவுக் கிறிஸ்தவம்தான். 1738 மே 24ஆம் திகதி மாலை இலண்டனில் தம் இருதயம் அனல் கொண்டதை உணர்ந்த ஜோன் வெஸ்லி, மூன்று ஆண்டுகள் கழித்து ஒக்ஸ்போர்ட்டில் ஏறத்தாழக் கிறிஸ்தவனாயிருப்பவனைப் பற்றிப் பிரசங்கித்தார். 1761இல் பாடல் பாடுவோருக்கு அவர் வகுத்த விதிகள் இரண்டு பக்கத்தையும் கவனித்தவை. பாதித் தூக்கத்தில் இருப்பவர்போல் பாடாதீர்கள், தைரியமாகப் பாடுங்கள் என்றார். மற்றவர் குரலை அமுக்கிக் கத்தாதீர்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளை நோக்கிப் பாடச் சொன்னார்.

ஆனால் இருதய மார்க்கத்துக்கும் வாய் வேண்டியிருந்தது. வெஸ்லியின் சிறுகுழுக் கூட்டங்களில் ஒவ்வொருவரும் தம் ஆத்துமாவின் நிலையை வாய்திறந்து சொல்ல வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனையில், என்னை உமது சித்தப்படி பயன்படுத்தும், வேண்டாமென்றால் ஒதுக்கிவையும் என்ற கருத்தில் அமைந்த அர்ப்பணிப்பை எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். வேறொருவர் எழுதியது, வருடந்தோறும் அதேதான். அதை முதன்முறை சொல்லும் இளைஞனுக்கு அது வெறும் வாசகமாக இருக்கலாம். வேலையும் உடல்நலமும் போய் உண்மையிலேயே ஒதுக்கிவைக்கப்பட்ட வயதில் அதே வரியைச் சொல்லும்போது அவன் அதன் பொருளுக்குள் வந்து சேர்ந்திருப்பான். சொல் முந்தி வந்து மனசுக்காகக் காத்திருப்பதும் உண்டு.

5. நேர்த்தி

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவான்கரையின் வயல்களுக்கு நடுவே ஆயித்தியமலையில் சதா சகாய மாதா திருத்தலம் இருக்கிறது. செப்டெம்பர் திருவிழாவுக்கு மக்கள் பாதயாத்திரையாகப் போகிறார்கள். அவர்களுள் சைவர்களும் உண்டு. யுத்த காலத்தில் இந்தப் பயணம் சாதாரணமானதன்று. படுவான்கரை 2007வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வலையிறவுப் பாலத்தைக் கடப்பதென்றால் ஓர் அதிகாரத்தின் சோதனையிலிருந்து இன்னோர் அதிகாரத்தின் பார்வைக்குள் போவது.

"பிள்ளைக்குச் சுகம் வந்தா நடந்து வாறன், மாதாவே." நேர்த்தியின் இலக்கணம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். சீர்திருத்த மரபினர் இதைப் பேரம் என்பார்கள். என் அளவுகோலுக்கும் இது சோதனைதான்: ஆதாயம் கேட்கும் துதி எப்படி உண்மையாகும்? நேர்த்தியில் கேட்கும் நேரமும் கொடுக்கும் நேரமும் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை எழுந்து விளையாடத் தொடங்கியபின் தாய்க்கு நடக்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. அவள் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டவரும் இல்லை. ஆதாயம் கைக்கு வந்த பிறகும் வெயிலில் நடக்கிறாளே, அதுதான் வாக்கின் விலை.

சில நேர்த்திகளில் கேட்டது கிடைப்பதேயில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அப்படி ஆளை இழந்த வீடுகள் இந்த மாவட்டம் முழுவதும் உண்டு. மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ், 90களில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்வோரிடம் அத்தகைய குடும்பங்கள் போனதைப் பதிவுசெய்தவர். வெளியே யாரும் வாய்திறக்க முடியாத நாள்களில், காணாமற்போனவரைப் பற்றிப் பேச முடிந்த இடம் அம்மனின் வாசலாக இருந்தது. கத்தோலிக்கத் தாய்மாரின் மெழுகுதிரிகளையும் இதனோடு சேர்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். மகன் வராத ஆண்டிலும் மாதாவுக்குத் திரி ஏற்றுபவள் எந்தப் பேரத்தில் இருக்கிறாள்?

புறப்பூசை பற்றிய ஐயம் இந்த மண்ணில் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. சிவவாக்கியர் முதலாகத் தமிழ்ச் சைவத்துக்குள்ளேயே அது ஓடிவருகிறது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்து அங்கேயே கற்பித்தவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். இறைவனுக்கு உகந்த மலர் எதுவெனக் கேட்டு, உள்ளக் கமலமே அது என்று முடிக்கும் அவருடைய பாடலை இங்கே பள்ளிப்பிள்ளைகளும் அறிவார்கள். அந்த முடிவோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் உள்ளக் கமலத்தை எடுத்துவைக்க வழியறியாத நேரத்தில் மனிதர் கையிலிருக்கும் மல்லிகையைத்தான் வைக்கிறார்கள், திரியைத்தான் ஏற்றுகிறார்கள்.

6. சபைகளின் துதி

பெந்தகொஸ்தே மரபுச் சபைகளில் துதி ஆராதனையே நடுநாயகம். கீபோர்ட், டிரம்ஸ், உயர்த்திய கைகள், கண்ணீர், அந்நியபாஷை, பிறகு சாட்சி. பேர்க்மான்ஸ் அடிகளாரின் பாடல்கள் இந்தியாவிலிருந்து வந்து சபைகளிலும், கத்தோலிக்கரின் அருங்கொடைச் செபக்குழுக்களிலும் ஒருசேர ஒலிக்கின்றன. கிழக்கிலங்கையின் யுத்தகாலச் சமய வாழ்வை ஜொனதன் ஸ்பென்சர், சாகுல் ஹஸ்புல்லா முதலானோர் சேர்ந்து ஆராய்ந்து 2015இல் நூலாக்கினர். அந்த நூல் இச்சபைகளையும் கோயில், பள்ளிவாசல்களோடு ஒரே களத்தில் வைத்துப் பார்க்கிறது. இது நல்ல முறை. ஏனென்றால் இங்கே துதிப்பவர்களில் பலர் அழுவதற்கு வேறு இடம் இல்லாதவர்கள். வீட்டில் அழுதால் பிள்ளைகள் பயப்படும், தெருவில் அழுதால் கேள்வி வரும். எல்லோரும் உரத்துப் பாடும் கூடத்தில் ஒருத்தியின் அழுகையை எவரும் தனியே கேட்பதில்லை. அந்த ஓசை அவளுக்கு உள்ளறையாகிறது.

அதற்காக நான் எல்லாவற்றையும் ஏற்பதாகக் கொள்ளவேண்டாம். துதித்தால் கடன் தீரும், காணிக்கை வைத்தால் வெளிநாட்டு வீசா வரும் என்ற போதனை கேட்கும் இடங்களில் ஒல்லாந்தரின் தோம்பு மீண்டும் திறக்கப்படுகிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி நாவலடியையும் கல்லடியையும் பறங்கியர் வாழ்ந்த டச்பாரையும் அழித்தபின், நிவாரணத்தோடு மதமும் வருகிறது என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. எல்லா உதவியையும் அப்படிச் சந்தேகிப்பது அநீதி. பசித்தவருக்குச் சோறு கொடுப்பது சுவிசேஷத்தின் கட்டளை. சோற்றுக்கு முன் துதியைக் கேட்டவர் எவராயினும், அவர் முகஸ்துதியைக் கற்றுக்கொடுத்தார் என்பதே என் தீர்ப்பு. அந்தப் பாவம் பசியில் வாய்திறந்தவரைச் சேராது.

7. கதவுகள்

விலை என்ற சொல்லை இதுவரை பொதுவாகவே கையாண்டேன். இந்த நகரத்தில் அதற்குத் திகதிகள் உண்டு. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராகக் காணாமற்போனவர்களுக்காகப் பேசிய சந்திரா பெர்னாண்டோ அடிகள் 1988 ஜூன் 6இல், புளியந்தீவு மரியாள் ஆலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். புனித மிக்கேல் கல்லூரியில் பணிசெய்த அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹீபெர்ட் 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் அதே மரியாள் ஆலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்றார்கள். முதுகில் பையோடு வந்த அந்நியனைச் சபையார் வாசலில் மறித்துக் கேள்வி கேட்டார்கள், உள்ளே விடவில்லை. அவன் வெளியிலேயே வெடிக்கவைத்தான். ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள், பாதியளவினர் சிறுவர்கள். உள்ளே நிறைந்திருந்த கூட்டத்தை அவன் அடைந்திருந்தால் அந்தத் தொகை எங்கே போயிருக்கும் என்று எண்ணவே மனம் அஞ்சுகிறது. அது உரத்துத் துதிக்கும் சபை. 'ஆரவாரம்' என்று மற்றவர்கள் ஒதுக்கிய வகையைச் சேர்ந்தது. அன்று வாசலில் நின்றவர்கள் செய்ததைத் துதி என்ற சொல்லுக்குள் அடக்குவதா, அதற்கு வெளியே வைப்பதா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கூடத்தில் பாட்டுக்குத் தயாராக இருந்தவர்களும் வாசலில் நின்றவர்களும் ஒரே மனிதர்கள்தான். ஆண்டுக்கணக்காகப் பாடிய அந்தப் பாட்டு அவர்களை அந்த வாசலில் நிற்கவைத்ததா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. இல்லை என்று சொல்லவும் சான்று இல்லை.

பாதுகாப்பு அச்சத்தால் அதற்கடுத்த ஞாயிறு நாடெங்கும் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. கொழும்பில் கர்தினால் மல்கம் ரஞ்சித் பொதுமக்கள் இன்றி ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். மறு ஆண்டு, 2020 ஏப்ரல் 12இல், கொரோனா ஊரடங்குக்குள் இன்னோர் உயிர்த்த ஞாயிறு வந்தது. மரியாள் ஆலயமும் மெதடிஸ்த ஆலயமும் சபைக் கூடங்களும் ஒன்றுபோல் பூட்டியிருந்தன. பாடகர் குழு இல்லை, ஒலிபெருக்கி இல்லை, பக்கத்து வாங்கில் இருந்து பார்க்கும் கண் இல்லை. கதவைச் சாத்திய வீடுகளுக்குள் யார் செபமாலையை எடுத்தார்கள், யார் முழந்தாளிட்டுத் துதித்தார்கள், யார் எதுவும் செய்யாமல் படுத்திருந்தார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது. அங்கே போய்க் குறிப்பெடுக்கும் உரிமை ஆய்வாளருக்கும் கிடையாது.